ராமாபுரத்திலிருந்து ரோமாபுரிக்கு: போப்பாண்டவர்களின் பதிவேடு சொல்லும் கதை

ராமாபுரம், மைசூர்:

ஊரிலிருந்து உறவினர்கள் மைசூருக்கு வந்தால் அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை இவற்றோடு நாம் தவறாமல் காட்டும் இன்னொரு இடம் பிலோமினா மாதா கோவில். 175 அடி உயரமுள்ள அதன் இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்க்காதவர் இருக்க முடியாது. 1933ஆம் ஆண்டில் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய கோவில் அது. வரைபடம் போட்டுக் கொடுத்தவர் டேலி என்ற பிரெஞ்சுக்காரர்.

கோவிலைச் சுற்றிப் பார்ப்பவர்கள் பீடத்துக்குக் கீழே உள்ள நிலவறைக்கும் போவார்கள். அங்கே பிலோமினாவின் திருப்பண்டம் வைக்கப்பட்டிருக்கிறது. மகாராஜாவின் ஹுசூர் செயலாளராக இருந்த தம்பு செட்டி அவர்கள் 1926ல் போப்பாண்டவரின் பிரதிநிதியான பீட்டர் பிசானியிடமிருந்து அதைப் பெற்று, கோஷே பாதிரியாரிடம் ஒப்படைத்தார். அதன் பிறகுதான் இந்தப் பெரிய கோவில் எழுந்தது.

பிலோமினாவின் எலும்புகள் எங்கிருந்து கிடைத்தன? ரோமாபுரியில் சலாரியா சாலையின் அடியில் பிரிசில்லா என்ற சுரங்கக் கல்லறை ஒன்று இருக்கிறது. 1802ஆம் ஆண்டு மே மாதம் அங்கே தோண்டியபோது, மூன்று ஓடுகளால் மூடப்பட்ட ஓர் இளம்பெண்ணின் கல்லறை தென்பட்டது. ஓடுகளில் எழுதியிருந்ததை முறைப்படி வரிசைப்படுத்திப் படித்தால் ‘பிலோமினா, உனக்குச் சமாதானம்’ என்று பொருள் வந்தது.

அதே பிரிசில்லா கல்லறையில்தான் ஆதிகாலப் போப்பாண்டவர்கள் சிலரும் அடக்கமானார்கள். ஆகவே நம் மைசூர்க் கோவிலின் நிலவறையிலிருந்து ஒரு நூல் பிடித்துப் போனால் அது ரோமாபுரியின் பழைய போப்பாண்டவர்களிடம் கொண்டுபோய் விடும்.

அவர்களுடைய பெயர்களும் நமக்குப் புதியவை அல்ல. எந்தத் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும், கோலார் தங்கவயலின் பழைய கூலிப் பட்டியலைப் பார்த்தாலும் ராயப்பன், சிங்கராயன், ஆசீர்வாதம், அருளப்பன் என்ற பெயர்கள் இருக்கும். ராயப்பர் என்றால் பீட்டர், அதாவது கத்தோலிக்கர் முதல் போப்பாண்டவராகக் கொள்பவர். சிங்கராயர் என்றால் லியோ. ஆசீர்வாதப்பர் என்றால் பெனடிக்ட். அருளப்பர் என்றால் ஜான். 2025ஆம் ஆண்டு மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட போப்பாண்டவர் 14ஆம் லியோவை, பழைய வழக்கப்படி 14ஆம் சிங்கராயர் என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பெயர்களைத் தாங்கியவர்கள் எல்லாரும் மகான்களா? போப்பாண்டவர் என்றாலே பிறவியிலேயே புனிதர் என்று நினைப்பவர் நம்மில் பலர். ‘எல்லாம் ராஜாக்களைப் போல் வாழ்ந்தவர்கள்தானே’ என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இருவருக்கும் பதில் ஒரு பழைய பதிவேட்டில் இருக்கிறது.

சர்வீஸ் புத்தகம் போல ஒரு நூல்

லத்தீன் மொழியில் ‘லிபெர் பொந்திபிகாலிஸ்’ என்று ஒரு நூல் உண்டு. ‘போப்பாண்டவர்கள் புத்தகம்’ என்று பொருள். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது தொகுக்கப்பட்டது. எழுதியவர்களின் பெயர் கிடையாது. போப்பாண்டவரின் அலுவலகத்தில் இருந்த குமாஸ்தாக்கள்தான் ஒருவர் பின் ஒருவராக 9ஆம் நூற்றாண்டு வரை அதை எழுதி வந்தார்கள்.

ஆபீசில் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நூலின் அமைப்பு உடனே பிடிபடும். பெயர், சொந்த ஊர், தகப்பனார் பெயர், பதவியில் இருந்தது எத்தனை வருஷம், எத்தனை மாதம், எத்தனை நாள், பிறப்பித்த உத்தரவுகள், கட்டிய கோவில்கள், கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களின் எடை, நியமித்த குருக்கள் எத்தனை பேர், ஆயர்கள் எத்தனை பேர், அடக்கமான இடம், தேதி. கடைசியில், அடுத்தவர் வரும்வரை பதவி எத்தனை நாள் காலியாக இருந்தது என்ற கணக்கு.

பழைய காலத்துக் குறிப்புகளில் பிழைகள் இல்லாமல் இல்லை. சில நூற்றாண்டுகள் கழித்து உட்கார்ந்து நிரப்பியதால் வந்த வினை அது. அனாக்ளேத்துஸ் என்பவரையே சுருக்கமாகக் கிளேத்துஸ் என்றும் அழைத்தார்கள். புத்தகத்தில் அவர் இரண்டு ஆட்களாகி, இரண்டு தனித்தனிக் குறிப்புகளில் இருக்கிறார். பின்னாளில் அருளப்பர்களின் எண்ணிக்கையிலும் குழப்பம் ஏற்பட்டு, 20ஆம் அருளப்பர் என்று ஒருவர் வரிசையிலேயே இல்லாமல் போய்விட்டது. எண் தவறியதே தவிர, ஆள் தவறவில்லை.

சுரங்கத்தில் கல் உடைத்தவர்

ஆதிப் போப்பாண்டவர்களில் கலிஸ்துஸ் என்பவரின் கதை உழைக்கும் மக்களுக்கு நெருக்கமானது. அவர் ஓர் அடிமை. எஜமானர் கொடுத்த பணத்தில் வட்டிக்கடை நடத்தினார். பலரும் நம்பிப் போட்ட பணம் தொலைந்தது. பயந்து கப்பல் ஏறி ஓடப் பார்த்தவர், எஜமானர் துரத்தி வருவதைக் கண்டு கடலில் குதித்தார். பிடிபட்டார். பிறகு இன்னொரு வழக்கில் சர்தீனியாத் தீவின் சுரங்கத்துக்குக் கைதியாக அனுப்பப்பட்டார். விடுதலையாகி வந்தவருக்குக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கடைசியில் 217ல் போப்பாண்டவரானார்.

இந்த விவரங்களை எழுதி வைத்தவர் அவருடைய பரம எதிரியான இப்போலித்துஸ். ஆகவே கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் அடிமையாக இருந்தவர் அந்தப் பீடத்தில் ஏறினார் என்பதை எதிரியின் பேனாவே ஒப்புக்கொள்கிறது. பெரும் பாவம் செய்தவனும் மனம் திரும்பினால் சபைக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று கலிஸ்துஸ் சொன்னார். இப்போலித்துஸ் சண்டைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போலித்துஸின் முடிவு என்ன? 235ல் அரசாங்கம் அவரையும் அப்போதைய போப்பாண்டவர் போன்சியானுஸையும் சேர்த்து அதே சர்தீனியாவுக்கு நாடு கடத்தியது. அங்கே போனவர் திரும்புவது அபூர்வம் என்பதால், பதவி காலியாகக் கிடக்கக் கூடாது என்று போன்சியானுஸ் விலகினார். அந்தத் தேதி 235ஆம் ஆண்டு செப்டம்பர் 28. போப்பாண்டவர் வரலாற்றில் நாள், மாதம், வருஷம் மூன்றும் துல்லியமாகக் கிடைக்கும் முதல் தேதி இதுதான். பதவி ஏற்ற தேதி அல்ல, ராஜினாமா தேதி! இருவரின் உடலும் பின்னர் ரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டன. எதிரெதிர் முகாமில் இருந்த இருவருக்கும் இன்று ஒரே நாளில், ஆகஸ்ட் 13ல், திருநாள்.

தவறியவரும் தண்டித்தவரும்

பிரிசில்லா கல்லறைக்கு வருவோம். அங்கே அடக்கமான போப்பாண்டவர்களில் ஒருவர் மார்செல்லினுஸ். 296 முதல் 304 வரை இருந்தவர். அவர் காலத்தில் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்கள் மீது பெரிய அடக்குமுறையைக் கட்டவிழ்த்துவிட்டார். வேத நூல்களை ஒப்படைக்க வேண்டும், தேவதைகளுக்குத் தூபம் போட வேண்டும் என்று உத்தரவு.

மார்செல்லினுஸ் பயந்து தூபம் போட்டுவிட்டார், சில நாளில் மனம் வருந்தி அழுதார், பிறகு உயிரைக் கொடுத்தார் என்று போப்பாண்டவர்கள் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது. அவர் தவறவே இல்லை என்று வாதாடியவர்களும் உண்டு. அகுஸ்தீனாரே அந்தக் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறார். நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் குறிப்பு யாருடைய புத்தகத்தில் இருக்கிறது என்பதை. எதிரிகள் எழுதிய நோட்டீசில் அல்ல. போப்பாண்டவரின் சொந்த ஆபீஸ் பதிவேட்டில்! அடித்துவிட்டு வேறு எழுத எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தும் அடிக்கவில்லை.

அடுத்து வந்த மார்செல்லுஸும் அதே கல்லறையில் அடக்கமானவர். அடக்குமுறைக்குப் பயந்து மறுதலித்தவர்கள் தவம் செய்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார். ஊரில் கலகம் மூண்டது. மக்சென்சியுஸ் அரசன் அவரை நாடு கடத்தினான். அரசாங்கத் தபால் குதிரைகளின் லாயத்தில் அவரைச் சாணி அள்ள வைத்தார்கள் என்று ஒரு மரபுக் கதையும் வழங்குகிறது. ஒருவர் தவறியவர், மற்றவர் தவறியவர்களுக்கு இரங்க மறுத்தவர். இருவருக்கும் அடைக்கலம் தந்தது ஒரே கல்லறை.

பொய்ப் பத்திரம்

மூன்றாமவர் சில்வெஸ்தர். 314 முதல் 335 வரை இருந்தார். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்களுக்கு ஆதரவளித்த காலம் அது. சில்வெஸ்தர்தான் சக்கரவர்த்தியின் குஷ்டத்தைக் குணமாக்கி ஞானஸ்நானம் கொடுத்தார் என்று கதை கட்டினார்கள். உண்மையில் சக்கரவர்த்தி ஞானஸ்நானம் பெற்றது 337ல், மரணப் படுக்கையில், வேறோர் ஆயரின் கையால். சில்வெஸ்தர் இறந்து அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 8ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு பத்திரமே தயார் செய்துவிட்டார்கள். ரோமாபுரியையும் மேற்கு நாடுகளையும் கான்ஸ்டன்டைன் சில்வெஸ்தருக்குத் தானமாகக் கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. பல போப்பாண்டவர்கள் அந்தப் பத்திரத்தைக் காட்டி உரிமை பேசினார்கள்.

1440ல் லொரென்சோ வல்லா என்ற பண்டிதர் அந்தப் பத்திரத்தை வரி வரியாகச் சோதித்தார். கான்ஸ்டன்டைன் காலத்தில் வழக்கில் இல்லாத சொற்களும் பட்டங்களும் இதில் எப்படி வந்தன என்று கேட்டு, அது போலி என்று நிரூபித்தார். அவரை என்ன செய்தார்கள் தெரியுமா? 1448ல் போப்பாண்டவர் 5ஆம் நிக்கொலாஸ் அவருக்குத் தம் அலுவலகத்திலேயே எழுத்தர் வேலை கொடுத்தார்.

மரக்காலைத் திருத்தியவர்

பதிவேட்டில் நல்ல பக்கங்களும் உண்டு. 452ல் அட்டில்லா என்ற ஹூணர் தலைவன் இத்தாலியைச் சூறையாடி வந்தபோது, தூது போனவர்களில் ஒருவர் பெரிய சிங்கராயர் என்ற முதலாம் லியோ. அட்டில்லா ரோமாபுரிக்கு வராமலே திரும்பினான். படையில் நோயும் பஞ்சமும் இருந்தது ஒரு காரணம் என்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் ஆயுதம் இல்லாமல் எதிரே போய் நிற்கவும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

590ல் பதவிக்கு வந்த பெரிய கிரகோரியார் முன்பு ரோமாபுரி நகர நிர்வாகியாக இருந்தவர். கொள்ளை நோயும் வெள்ளமும் பட்டினியும் சேர்ந்து வந்த வேளை. சிசிலித் தீவில் சபைக்கு இருந்த நிலங்களின் தானியத்தைக் கொண்டு ஊருக்குச் சோறு போட்டார். அவர் எழுதிய கடிதங்களில் 800க்கு மேல் இன்றும் இருக்கின்றன. ஒரு கடிதத்தில் அவர் கண்டிப்பது, சபையின் நிலத்தில் பாடுபடும் குடியானவர்களிடம் பெரிய மரக்கால் வைத்துக் குத்தகை அளந்து வாங்கிய அதிகாரிகளை. மரக்காலின் அளவு இவ்வளவுதான் என்று அவரே நிர்ணயித்து எழுதினார். ‘தேவ ஊழியர்களுக்கு ஊழியன்’ என்று அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரைப் போப்பாண்டவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

பிணத்தின் மீது விசாரணை

அதே பீடத்தில்தான் 897ல் உலகம் காணாத கூத்து ஒன்று நடந்தது. போர்மோசுஸ் என்ற போப்பாண்டவர் இறந்து ஒன்பது மாதத்துக்குள், அவருடைய பிணத்தைத் தோண்டியெடுத்து, போப்பாண்டவரின் உடையை உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து விசாரணை நடத்தினார்கள். பிணத்துக்குப் பதிலாகப் பேச ஒரு தியாக்கோன் பக்கத்தில் நிறுத்தப்பட்டான். விசாரித்தவர் 6ஆம் ஸ்தேவான் போப்பாண்டவர். தீர்ப்பு: குற்றவாளி. ஆசீர்வதித்த வலது கை விரல்கள் மூன்றையும் வெட்டி, உடலை ஆற்றில் எறிந்தார்கள்.

இதில் பெரும் சிக்கல் வேறொன்று. போர்மோசுஸின் நியமனங்கள் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. அவர் பட்டம் கொடுத்த குருக்கள், ஆயர்கள் எல்லாருடைய வேலையும் அந்தரத்தில் தொங்கியது. உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதிகாரி பின்னால் தண்டிக்கப்பட்டால், அதை நம்பி வேலையில் சேர்ந்தவன் கதி என்ன? நம் காலத்துக் கேள்விதான், அன்றே எழுந்திருக்கிறது. தீர்ப்புச் சொன்ன ஸ்தேவானே ஆயர் பட்டம் பெற்றது போர்மோசுஸின் கையால்தான்!

அதே வருஷம் ஆகஸ்டில் ஸ்தேவானைச் சிறையில் அடைத்துக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். பின்னால் வந்த 2ஆம் தியோடோர் பதவியில் இருந்தது வெறும் 20 நாள். அந்த 20 நாளுக்குள் போர்மோசுஸின் உடலை மரியாதையோடு அடக்கம் செய்து, நியமனங்கள் செல்லும் என்று அறிவித்தார். அடுத்து வந்த 9ஆம் அருளப்பர் அதை உறுதிப்படுத்தினார். 904ல் வந்த 3ஆம் செர்ஜியுஸ் மறுபடி செல்லாது என்றார். குருக்கள் பாடு திண்டாட்டம்தான். ஆனால் கடைசியில் வரிசையில் நின்றது போர்மோசுஸின் பெயர். இன்றும் போப்பாண்டவர் பட்டியலில் அவர் இருக்கிறார்.

கூரையைப் பிரித்த தேர்தல்

1268ல் ஒரு போப்பாண்டவர் இறந்தார். கர்தினால்மார் வித்தெர்போ நகரத்தில் கூடி அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஏறக்குறைய மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார்கள். பொறுமை இழந்த ஊர் மக்கள் கதவைப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கடைசியில் கூரையையே பிரித்தார்கள்! 1271ல் தேர்வான 10ஆம் கிரகோரியார் இந்தப் பாடத்தைச் சட்டமாக்கினார். 1274 சட்டப்படி, மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரு பதார்த்தம்தான். இன்னும் ஐந்து நாள் கழிந்தால் ரொட்டியும் தண்ணீரும் திராட்சை ரசமும் மட்டும். போப்பாண்டவர் தேர்தலுக்குக் கர்தினால்மாரை உள்ளே வைத்து அடைக்கும் இன்றைய வழக்கத்தின் வேர் இங்கேதான்.

ஆனால் 1294ல் மறுபடி நீண்ட இழுபறி. முடிவில் மலையில் தவம் செய்துகொண்டிருந்த வயோதிகர் ஒருவரைக் கொண்டுவந்து 5ஆம் செலஸ்டின் என்று முடிசூட்டினார்கள். நல்லவர், ஆனால் நிர்வாகம் தெரியாதவர். ஒரே பதவியை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். ஐந்தே மாதத்தில், டிசம்பர் 13ல், தம்மால் இயலாது என்று எழுதிக் கொடுத்து இறங்கிவிட்டார். அடுத்து வந்த 8ஆம் போனிபாஸ் அவரை ஒரு கோட்டையில் காவலில் வைத்தார். 1296ல் அங்கேயே இறந்தார். 2013ல் 16ஆம் ஆசீர்வாதப்பர் பதவி விலகியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் இந்தச் செலஸ்டினைத்தான் நினைவூட்டின.

நம் கரைக்கு வந்த ஓலை

இந்தப் போப்பாண்டவர்களுக்கு நம் நாடு தெரியுமா? தெரியும். 4ஆம் நிக்கொலாஸ் 1289ல் சீனத்துக்கு அனுப்பிய மொந்தெகொர்வீனோ அருளப்பர் என்ற சந்நியாசி, வழியில் 1291ல் நம் கரையில் இறங்கி 13 மாதம் தங்கினார். அவருடன் வந்த தோழர் இங்கேயே இறந்து, தோமையார் கோவிலில் அடக்கமானார். அது நம் மயிலாப்பூர்.

பிறகு போப்பாண்டவர்கள் ரோமாபுரியை விட்டுப் பிரான்சு நாட்டுப் பக்கம் அவிஞோன் நகரத்தில் குடியேறினார்கள். 1309 முதல் 1377 வரை ஏழு பேர் அங்கிருந்து ஆண்டார்கள். அவர்களில் 22ஆம் அருளப்பர் பதவியில் இருந்த 18 வருஷமும் ரோமாபுரியில் உட்காரவே இல்லை. ஆனால் ஆபீஸ் வேலையில் புலி. அவருடைய பதிவேடுகளில் 60,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. அவற்றுள் 1329 ஆகஸ்ட் 21 தேதியிட்டது ஜோர்தான் கத்தலானி என்ற தொமினிக் சபைச் சந்நியாசியைக் கொல்லத்துக்கு ஆயராக நியமித்த உத்தரவு. இந்தியாவுக்கு ரோமைச் சபை நியமித்த முதல் ஆயர் அவரே.

அடுத்து மரிஞோல்லி என்ற தூதர். 12ஆம் ஆசீர்வாதப்பர் அனுப்பி 1338ல் புறப்பட்டவர், சீனம் சென்று, கொல்லத்தில் தங்கி, மயிலாப்பூரையும் தரிசித்துவிட்டு, 1353ல் அவிஞோன் திரும்பினார். அனுப்பியவர் இறந்து 11 வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பின் வந்தவரும் போய்ச் சேர்ந்திருந்தார். கொண்டுவந்த கடிதத்தை மூன்றாமவரான 6ஆம் இன்னொசெந்துவிடம் கொடுத்தார். ஆள் மாறினாலும் நாற்காலி இருந்தது, பதிவேடு இருந்தது. அதனால் கடிதம் அநாதையாகவில்லை.

நாற்காலிக்கே ஆபத்து வந்த நாளும் உண்டு. 1378 முதல் இரண்டு போப்பாண்டவர்கள், 1409 முதல் மூன்று பேர் ஒரே சமயத்தில் ‘நானே உண்மையானவன்’ என்றார்கள். 1417ல் கான்ஸ்டன்ஸ் நகர மகாசபைதான் 5ஆம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்து வழக்கைத் தீர்த்தது. அந்தக் குழப்பத்தில் 23ஆம் அருளப்பர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் கணக்கில் சேராததால், 1958ல் தேர்வானவர் அதே 23ஆம் எண்ணை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பதிவேடும் விசுவாசமும்

இனி பிலோமினாவின் கதை. 1837ல் போப்பாண்டவர் 16ஆம் கிரகோரியார் அவருக்குத் திருநாள் கொண்டாட அனுமதி தந்தார். பக்தி உலகமெங்கும் பரவியது. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கேள்வி எழுப்பினார்கள். அந்த மூன்று ஓடுகளும் வேறொரு பழைய கல்லறையிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தியவையாக இருக்கலாம். அப்படியானால் உள்ளே இருந்தவரின் பெயர் பிலோமினா என்பதற்கே ஆதாரம் இல்லை என்றார்கள். 1961ல் ரோமாபுரி அவர் பெயரைத் திருநாள் அட்டவணையிலிருந்து எடுக்கச் சொன்னது.

‘அப்படியானால் நாம் ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் வீணா?’ என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. ரோமாபுரி அட்டவணையைத் திருத்தியதே தவிர, யாருடைய வேண்டுதலையும் தடுக்கவில்லை. மைசூர்க் கோவில் இன்று சூசையப்பர், பிலோமினா இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் கூட்டம் நிலவறைக்கு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மனத்தின் கணக்கு ஒன்று, ஏட்டின் கணக்கு ஒன்று. ஒன்றுக்காக மற்றதைப் பொய்யாக்க வேண்டியதில்லை.

அடிமை, கோழை, கண்டிப்பானவர், மரக்காலைத் திருத்தியவர், பிணத்தை விசாரித்தவர், முடியாது என்று இறங்கியவர், எல்லாரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். நல்லவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கிழித்துப் போட்டிருந்தால், நல்லவர்களைப் பற்றி எழுதியதையும் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். பெயர் தெரியாத அந்தக் குமாஸ்தாக்கள் மார்செல்லினுஸின் பயத்தையும் எழுதினார்கள், கண்ணீரையும் எழுதினார்கள். அதனால்தான் 1,700 வருஷம் கழித்தும் அவர் மீது நமக்கு இரக்கம் வருகிறது.